சப்ரகமுவத் தோட்டங்களின் கணினிச் சந்தேகங்கள்

சிவனொளிபாத மலையின் மேற்கிலும் தெற்கிலும் சரிந்திறங்கி, ஒருபுறம் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய எனக் கேகாலை மாவட்டத்துள்ளும், மறுபுறம் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என இரத்தினபுரி மாவட்டத்துள்ளும் பரந்து கிடக்கும் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள், கணினியைப் பற்றி என்ன சந்தேகங்களைக் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், பெற்ற பதில் பயன்படாதபோது என்ன செய்கிறார்கள் என்னும் விஷயம், முதற்பார்வைக்கு அற்பமாகத் தோன்றினும், ஆராயப் புகுந்தால் நிலம், மொழி, குடியுரிமை, கூலி ஆகிய பெரிய விஷயங்களோடெல்லாம் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அந்தச் சந்தேகங்களை அறியாமைக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் தவறு என்பதும், மென்பொருளை ஆக்கியோர் யாரை மனத்திற்கொண்டு ஆக்கினார்கள் என்பதற்கு அவற்றைவிடத் துல்லியமான சாட்சியம் கிடைப்பது அரிது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பெருந்தொகையினராகவும் தொடர்ச்சியாகவும் வாழ்வதுபோன்ற நிலை சப்ரகமுவவில் இல்லை. இங்குத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கும் சிற்றுடைமையாளரின் காணிகளுக்கும் இடையே சிதறிக் கிடப்பவை. தேயிலையோடு இறப்பரும் கலந்தவை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றவை. பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்தால் கடையின் மொழியும் காரியாலயத்தின் மொழியும் பெரும்பாலும் சிங்களமே. ஆகவே தொழிலாளர் வரிசைவீடாகிய லயத்தின் இஸ்தோப்பில் (திண்ணையில்) தமிழிற் பிறந்த ஒரு சந்தேகம், பேத்தியின் வாயால் பள்ளித் தமிழாகி, கடைக்காரரிடம் சிங்களமாகி, திரையில் ஆங்கிலமாகி முடியும்போது, முதலிற் கேட்டது ஒன்றாகவும் இறுதியில் விடை பெற்றது வேறொன்றாகவும் போய்விடுவதில் வியப்பில்லை.

இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்து மதிப்பிட்டு வருகிறது. ஐந்து வயதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரையுள்ள ஒருவர், பிறர் துணையின்றித் தாமாகக் கணினியைப் பயன்படுத்தக்கூடுமாயின் அவர் கணினி அறிவுள்ளவர் என்பது அத்திணைக்களத்தின் இலக்கணம். ஐந்து வயதுக் குழந்தை தானாகக் கணினியில் விளையாடத் தெரிந்திருந்தாலும் அது கணக்கில் சேரும். இவ்விலக்கணப்படி நாடளாவிய விகிதம் அண்மை ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கைத் தாண்டியிருக்க, தோட்டத் துறையோ மூன்றனுள்ளும் கடைநிலையிலேயே நிற்கிறது. அளவுகோல் தன்னளவில் நேர்மையானதுதான். ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கான விண்ணப்பத்தின் பொருட்டு ஒரு நாட்பேரை, அதாவது ஒரு நாட்கூலியை, இழந்து பட்டணம் சென்று, கடைக்காரரின் பக்கத்தில் நின்று, "அந்த நம்பர் பிழை, தம்பி, கார்டைப் பார்த்து அடி" என்று திருத்துகின்ற தொழிலாளி அந்த அளவுகோலில் எங்கே விழுகிறார்? திரையைத் தொடாமலே அவர் கணினியோடு வழக்காடுகிறார். 'தாமாக' என்னும் நிபந்தனை அவரை விலக்கிவிடுகிறது. அவர் எழுப்பும் கேள்விகளும் அவரோடு சேர்ந்து விலகிவிடுகின்றன.

அந்தக் கேள்விகளுக்கு இனி வருவோம். தட்டச்சுச் செய்யும் கடைகளில், அதாவது போட்டோ கொப்பியும் ரீலோடும் கடித வேலையும் ஒருங்கே நடக்கும் கொமியூனிகேஷன் கடைகளில், எல்லாவற்றிலும் பழைமையான முறைப்பாடு எழுத்துருவைப் பற்றியது. கோயில் திருவிழா அறிவித்தலையோ, சங்கக் கடிதத்தையோ கடையில் அடித்துப் பென்டிரைவில் எடுத்துவந்து பாடசாலைக் கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. அதையே பிரதிசெய்து வட்ஸ்அப்பில் ஒட்டினாலும் அதே கோலம். "வைரஸா?" என்று கேட்கிறார்கள். வைரஸன்று, பாமினி. இலங்கைத் தமிழ் அச்சுலகில் நெடுங்காலம் ஆட்சிசெய்த அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை வரைந்து உட்காரவைத்த உபாயம். 'தமிழ்' என்னும் சொல்லைப் பாமினியில் அடித்தால், கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயன்றி வேறில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் உபகாரம். எழுத்துரு இல்லாத இயந்திரத்தில், உள்ளே உள்ளது உள்ளபடி வெளிப்பட்டுவிடுகிறது.

தமிழுக்கு 1991 இலேயே யுனிகோட்டில் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வின்டோஸ் 2000 லதா என்னும் எழுத்துருவோடு வந்தது. இலங்கை தனக்கென ஒரு தமிழ் நியமத்தை 1326 என்னும் இலக்கத்தின்கீழ் 2008 இல் வகுத்து, தட்டச்சு இயந்திர மரபைச் சார்ந்த ரெங்கநாதன் விசைப்பலகையையும் அதில் ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் நிகழ்ந்த பின்னும் கடைகளில் பாமினி நிலைத்திருப்பதேன் என்றால், தட்டச்சுப் பழகியவரின் விரல்களில் அது ஊறிவிட்டது. பழைய முறையில் 'கெ' என்று எழுதக் கொம்பை முன்னே அடித்து ககரத்தைப் பின்னே அடிக்க வேண்டும், காகிதத்தில் அவை நிற்கும் வரிசைப்படியே. யுனிகோட்டிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகப் பதிவாகிறது, நாம் ஒலிக்கும் வரிசைப்படி. இந்த ஒரு வேற்றுமையால், எழுத்துரு மாற்றிமூலம் மாற்றிய கடிதங்களிற் சில வேளை கொம்புகள் அநாதையாகத் தொங்குவதைக் காண்கிறோம். ஒரு கடைக்காரர் இதைக் குறித்துச் சொன்னது இங்கே பொருந்தும்: "மாத்தச் சொல்லுறது லேசு சேர். நாளைக்கு நூறு பக்கம் அடிக்கிற கைக்குத்தானே தெரியும்." எழுத்துருவை மாற்றுக என்று ஒரு வரியிற் பதில் எழுதிவிடும் பத்திரிகை விடையாளர், விரலின் பழக்கத்தையும் அதிலிருந்து வரும் வருமானத்தையும் சேர்த்து மாற்றச் சொல்கிறோம் என்பதை நினைப்பதில்லை.

இதனினும் ஆழமான சந்தேகங்கள் அடையாள அட்டையிலிருந்து எழுகின்றன. 2016 ஆம் ஆண்டு தொடங்கித் தேசிய அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய எண்முறை வந்தது. அதற்கு முந்தியவை ஒன்பது இலக்கமும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தும் உடையவை. இலக்கத்தின் தொடக்கத்தில் பிறந்த ஆண்டும், அடுத்து அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருக்கும். பெண்களாயின் அந்த நாட்கணக்கோடு ஐந்நூறு கூட்டப்படும். ஜனவரி பத்தாந் தேதி பிறந்த ஆணுக்கு 010 என்றும் பெண்ணுக்கு 510 என்றும் வருமாறு அமைந்த இந்த ஏற்பாட்டை எவரும் விளக்கிச் சொல்லாமையால், தன் பிறந்த தினத்துக்கும் அட்டைக்கும் பொருத்தமில்லையென்று அஞ்சும் பெண்கள் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தின் மென்பொருள் பன்னிரண்டு இலக்கத்தை மாத்திரம் ஏற்குமாறு எழுதப்பட்டிருந்தால், பழைய அட்டை வைத்திருப்பவர் எத்தனை முறை அடித்தாலும் சிவப்பு எழுத்தில் 'செல்லுபடியாகாது' என்றே வரும். பழைய எண்ணின் முன்னே 19 சேர்த்து, வரிசை எண்ணின் முன்னே ஒரு பூச்சியம் இட்டு, எழுத்தை நீக்கினால் புதிய எண் கிடைக்கும் என்று திரையிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் தீரக்கூடிய தொல்லை இது.

'செல்லுபடியாகாது' என்னும் அச்சொல் எல்லோருக்கும் ஒரேவிதமாகப் படுவதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு தேசங்களுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 2003 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கப்பெற்ற ஒரு சமூகத்துக்கு, அட்டையின் இறுதியில் நிற்கும் வி, வாக்குரிமையைக் குறிப்பதாக மக்கள் கொள்ளும் எழுத்து. அதை நீக்கி அடிக்குமாறு சொல்லும் கடைப் பையனிடம், "எழுத்தை எடுத்துட்டா ஓட்டு போயிறாதா?" என்று ஒரு மூதாட்டி வினவினால், அது நகைப்புக்குரிய வினாவன்று. மென்பொருள் கற்றவர் அதை மென்பொருட் சந்தேகமாகவே எடுத்துக்கொள்வார். அது அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட அரசியலின் சந்தேகம்.

பெயரின் கதையும் இத்தகையதே. தோட்டத்து மரபில் ஒருவருக்கு ஒரு பெயர். தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். மேனாட்டு வழக்கத்தைப் பின்பற்றிய படிவமோ குடும்பப் பெயர் வேறு, சொந்தப் பெயர் வேறு என்று இரு கட்டங்களைக் காட்டி, ஒன்றை வெறுமையாக விட்டால் மேலே போகவிடாது. கடைக்காரர் தந்தையின் பெயரை ஒருநாள் முன்கட்டத்திலும் மறுநாள் பின்கட்டத்திலும் இடுவார். இதன்மேல், பிறப்புப் பதிவு சிங்களத்திலும், தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோல் ஆங்கிலத்திலும், பள்ளிப் பதிவு தமிழிலுமாக எழுதப்பட்டு, ஒரே ராமாயி மூன்று எழுத்துக்கூட்டில் மூவராகி நிற்பதுமுண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் ஐம்பது வயதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்திலும் மீளப்பெறலாம். பெயர் பொருந்தாவிடில் அந்தப் பணம் காத்திருக்கும். தாளில் எழுதிய காலத்தில் கிளாக்கர் ஐயா ஒரு கடிதம் கொடுத்துச் சமாளித்த வேற்றுமையை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரம் சமாளிக்க அறியாது.

விலாசம் என்னும் கட்டம் இன்னொன்று. லயத்துக் காம்பராவுக்குத் தனி இலக்கமோ வீதியின் பெயரோ இல்லாமல், தோட்டத்தின் பெயரே எல்லோருக்கும் விலாசமாக, கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து பிரிந்து செல்லும் ஏற்பாடு பல தோட்டங்களில் இன்றும் தொடர்வது. வீட்டிலக்கம் கட்டாயம் என்று நிற்கும் திரைக்கு முன் மக்கள் ஒன்று, இரண்டு என்று மனம்போல் இடுகிறார்கள்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோதும், அடுத்த ஆண்டு அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் மேன்முறையீடுகள் இணையவழி பெறப்பட்டபோதும், கேள்விகளின் மையம் கைபேசி எண்ணுக்கு மாறிற்று. குடும்பத்துக்கு ஒரு கைபேசி. அதுவும் கொழும்பில் வேலைசெய்யும் மகனோடு போயிருக்கும். ஒருமுறைக் கடவெண் அவனுக்குப் போகும். அவன் வேலை முடிந்து அழைத்துச் சொல்வதற்குள் எண் காலாவதியாகிவிடும். இதற்குப் பரிகாரமாகக் கடைக்காரரே தம் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். வேலைக்கு விண்ணப்பிக்க மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்றாலும் அவரே உண்டாக்கித் தருகிறார்; கடவுச்சொல்லை நீண்ட சீஆர் கொப்பியொன்றில், பெயருக்கெதிரே, அழகான கையெழுத்தில் எழுதி வைக்கிறார். அந்தக் கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன்: ஒரு தோட்டத்தின் இளைஞர் சமுதாயம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. கடை மூடப்பட்டாலோ, அவர் எண்ணை மாற்றினாலோ, அத்தனை பேரின் கணக்குகளும் ஒருங்கே பூட்டிக்கொள்ளும். "என் ஜீமெயிலை எப்படித் திரும்ப எடுப்பது?" என்ற கேள்விக்கு வழக்கமான விடை, பதிவுசெய்த எண்ணுக்கு வரும் குறியீட்டை இடுக என்பது. பதிவுசெய்த எண் யாருடையது என்பதே இங்குப் பிரச்சினை. அதைக் கேட்கும் விடையாளர் அரியர். கடவுச்சொல்லைப் பிறரிடம் கூறற்க என்னும் உபதேசமும் இவ்விடத்தில் பயன்படாது. அக்கடைக்காரரை நான் குற்றஞ்சாட்டவும் மாட்டேன். அவர் இல்லாவிடில் விண்ணப்பமே போயிராது.

பத்திரிகைக்கு எழுதிச் சந்தேகம் தீர்த்துக்கொள்வது தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கல்கண்டில் தமிழ்வாணனின் பதில்களையும், குமுதத்தில் அரசு பதில்களையும் தேடிப் படித்த தலைமுறைக்குப்பின், தினமலரின் கம்ப்யூட்டர் மலர் போன்ற இணைப்பிதழ்களில் கணினிக் கேள்வி–பதிலை வெட்டி ஒட்டிச் சேர்த்த தலைமுறை தோன்றிற்று. அவ்விதழ்கள் செய்த உபகாரம் பெரிது. எனினும் அவை மனத்திற்கொண்ட வாசகர், சொந்தக் கணினியின் முன் தனியே அமர்ந்து, ஓய்வாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிகளைச் செய்து பார்க்கும் நகரத்து வாசகர். தோட்டத்தின் கேள்விகள் அநேகமாக மற்றொருவருக்காகக் கேட்கப்படுபவை. கேட்பவர் கையில் இயந்திரம் இராது. விடையை மனத்திலோ துண்டுத்தாளிலோ சுமந்துகொண்டுபோய், அவசரத்திலிருக்கும் மூன்றாமவரிடம் ஒப்புவிக்க வேண்டும். எட்டுப் படிகள் கொண்ட விடை மூன்றாம் படியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அரசும் சும்மாயிருந்ததென்று சொல்வதற்கில்லை. 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், உலக வங்கியின் உதவியோடு, 2005 முதல் நெணசல என்னும் அறிவு நிலையங்களை நாடெங்கும் திறந்தது. 2014 இல் அத்திட்டத்துக்குக் கேட்ஸ் அறநிறுவனத்தின் பத்து லட்சம் டொலர் பரிசும் கிடைத்தது. கணிசமான நிலையங்கள் விகாரை முதலிய வழிபாட்டிடங்களில் அமைந்தன. கிராமத்துச் சிறுவருக்கு அது வீட்டு முற்றம். மலைக்குமேல் லயத்திலிருக்கும் தமிழ்ச் சிறுமிக்கோ தயங்கித் தயங்கி ஏற வேண்டிய படி. 2006 இல் தொடங்கிய 1919 என்னும் அரசாங்கத் தகவல் நிலையத் தொலைபேசி மும்மொழியிலும் பதில் சொல்வது. எழுத்தறியாதவரும் தம் வாயாலே கேட்கலாமென்ற வகையில், ஆடம்பரமான பல திட்டங்களைவிட அதையே நான் உயர்வாக மதிப்பேன்.

இயந்திரத்தின் முன் மனிதர் எவ்விதம் தடுமாறுகிறார் என்பதை மேனாட்டாரும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸெரொக்ஸ் கம்பனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பணியாற்றிய மானிடவியலார் லூசி சச்மன், உதவிக்குறிப்புகளோடு கூடிய பிரதியெடுக்கும் இயந்திரமொன்றின் முன் மக்களை நிறுத்தி நிகழ்ந்ததை நுணுகி ஆராய்ந்து, 1987 இல் நூலாக வெளியிட்டார்: இயந்திரம் தன் திட்டத்தின்படி மனிதர் நடப்பதாக எண்ணிக் குறிப்புக் கொடுக்கிறது, மனிதரோ அந்தந்தக் கணத்தின் நிலைமைக்கேற்ப நடக்கிறார், இருவரும் வேறு வேறு சம்பாஷணையில் இருப்பதை இயந்திரம் அறிவதில்லை. அதே ஆண்டில் ஜான் கரோல், மேரி பெத் ரோஸன் என்னும் இருவர், புதிதாகக் கற்பவர் கைநூலைப் படிப்பதேயில்லை, காரியத்திலேயே குதித்துவிடுகிறார் என்று நிறுவினர். கரோல் அதிலிருந்து, பிழை நேர்ந்தால் மீளும் வழியை முதன்மையாகக் கூறும் சிறு கைநூல்களை ஆக்கும் முறையை வளர்த்தார். கற்றவரும் காரியாலயப் பணியாளரும் இவ்விதமே தடுமாறுவதாக அவ்வாராய்ச்சிகள் காட்டியிருக்க, கொழுந்து பறிக்கும் பெண்ணின் தடுமாற்றத்தை மாத்திரம் கல்வியின்மை என்று பெயரிடுவது எந்த நியாயத்தில் சேரும்?

வாசகரின் எதிர்வினைகளைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். கணினிப் பகுதி நடத்தும் எவருக்கும் வரும் கடிதங்களில் நன்றியுரைகளே மிகுதி. நன்றியுரையால் அறியக்கூடியது அற்பம். "நீங்கள் சொன்ன பொத்தான் என் திரையில் இல்லை" என்று எரிச்சலோடு வரும் ஒரு வரி, நூறு பாராட்டுக்கு மேலானது. ஏனெனில் அவர் பார்த்தது கைபேசித் திரையாக, பழைய பதிப்பாக, சிங்கள இடைமுகமாக, அல்லது 2020 ஜனவரியோடு நிறுவனத்தின் ஆதரவு நின்றுபோன வின்டோஸ் 7 ஆக இருக்கலாம். இத்தகைய முறைப்பாடுகளை ஒரு கொப்பியில் தனியே குறித்துவந்தால், எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் மக்கள் விழுகிறார்கள் என்பது சில மாதங்களிலேயே தெளிவாகிவிடும். புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அறிவு மையங்கள் ஏறக்குறைய இவ்வழியிற் சென்றன: மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் விசாரித்து, அதன்பின்னரே எதை வழங்குவதெனத் தீர்மானித்தார்கள், வீராம்பட்டினத்து மீனவருக்குக் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கணினியைத் தொடாத மீனவருக்கும் கணினியின் விடை போய்ச் சேர்ந்தது.

சப்ரகமுவத் தோட்டங்களில் இதைத் தொடங்கப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. கொமியூனிகேஷன் கடைக்காரருக்கும் தமிழ்ப் பாடசாலையின் கணினி ஆசிரியருக்கும் நாள்தோறும் வரும் கேள்விகளை, கேட்டவரின் வாய்மொழியிலேயே, திருத்தாமல் எழுதிவைக்கச் செய்வது முதற்படி. சேர்ந்ததை உரிய திணைக்களத்துக்கு அனுப்புவது அடுத்தது. அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1988 இன் பதினாறாம் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றித் தமிழிலே தொடர்பாடல் பெறும் உரித்துடையவர். அது மீறப்பட்டால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தலைப்பைத் தமிழிற் காட்டிப் பிழைச்செய்தியை மாத்திரம் ஆங்கிலத்திற் காட்டும் அரசாங்கப் படிவம் இந்த உரித்துக்கு உட்பட்டதா என்பதை ஒரு முறைப்பாட்டினால் சோதித்துப் பார்க்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: எழுத்தில் கேட்க இயலாதவர் வாயாற் கேட்கலாம், கேட்டதை எழுத்தில் வடிப்பது தகவல் அலுவலரின் கடமை, பதினான்கு வேலை நாட்களுள் அவர் தீர்மானம் கூறவேண்டும். தங்கள் இணையப் படிவத்தைப் பற்றித் தமிழில் வந்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றால் எந்தக் கட்டம் திருத்தப்பட்டது என்று தெரணியகலையிலிருந்தோ இறக்குவானையிலிருந்தோ எவரேனும் அச்சட்டத்தின்கீழ் வாயாலேயே கேட்கலாம்.